மச்சானுக்கு வாங்கிய குடை

பெரிய டாக்டர் குடைக்கதையை விளக்கி முடித்த காலையில், எலும்பு முறிவு வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த பெயின்டரின் இரண்டு கால்களிலும் போட்டிருந்த மாவுக்கட்டு ஒரே நேரத்தில் வெடித்துத் தரையெல்லாம் சிதறியது. உள்ளே எலும்புகள் கூடியிருந்தன. பெயின்டர் கட்டிலை விட்டு இறங்கி, சிரித்துச் சிரித்துக் கண்ணில் வழிந்த நீரைப் போர்வையில் துடைத்துக்கொண்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டு நடந்து போனார். முந்தின வாரம்தான் சாரத்திலிருந்து விழுந்து, இனி நடப்பது சந்தேகம் என்று சொல்லப்பட்ட மனிதர் அவர். கூட்டிப் பெருக்க வந்த பெண், இத்தனை மாவையும் யார் அள்ளுவது என்று சலித்துக்கொண்டாள். மற்றபடி வார்டில் அன்றைக்குச் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

குடைக்கதை இதுதான். ஒருவன் குடை வாங்கக் கடைக்குப் போகிறான். மழைக்கா, வெயிலுக்கா என்று கடைக்காரர் கேட்கிறார். மச்சானுக்கு என்கிறான். கதை முடிந்தது. இதற்கு மேலும் ஏதோ வரப்போகிறது என்று வாயைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தவர்கள் உண்டு; ஒன்றும் வராது. பெரிய டாக்டர் இதைப் படிக்கிற காலத்தில் யாரிடமோ கேட்டாரா அல்லது அவரே உட்கார்ந்து யோசித்தாரா என்பது தெரியவில்லை. இரண்டில் எதுவானாலும் பெருமைப்பட்டுக்கொள்ள அதில் விஷயம் இல்லை. ஆனால் அவர் பெருமைப்பட்டுக்கொண்டார். தினமும் ரவுண்ட்ஸ் வரும்போது ஏதாவது ஒரு கட்டிலின் கால்மாட்டில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தக் கதையைச் சொல்வார். சொல்லி முடித்ததும் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை ஒரு இழுப்பு இழுத்துவிடுவார். பின்னால் மந்தையாக வருகிற இளம் டாக்டர்கள் சிரிக்க வேண்டிய இடம் அது. அவர்களும் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள் பிணவறைப் பணிக்கு மாற்றப்பட்டார்கள்.

அன்றைக்கும் எல்லாம் அப்படித்தான் நடந்தது. ஆனால் பெயின்டர் சிரிக்கவில்லை. வலியில் கிடக்கிறவர், பெரிய மனிதர் ஏதோ முக்கியமாகச் சொல்கிறார் என்று நினைத்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பெரிய டாக்டருக்கு அது பொறுக்கவில்லை.

"புரியலையா?"

"இல்லீங்க டாக்டரய்யா."

"கவனிங்க. கடைக்காரர் கேட்டது, குடைய எதுக்கு உபயோகிக்கப் போறீங்கன்னு. இவன் சொன்னது, யாரு உபயோகிக்கப் போறாங்கன்னு. ஆக இங்க ரெண்டு நிலை இருக்கு. மச்சான்ங்கறவர் மழையும் கிடையாது, வெயிலும் கிடையாது. அவர் ஒரு ஆள்."

காய்ச்சல் அட்டையின் பின்பக்கத்தில் ஒரு குடை வரைந்தார். ஒரு பக்கம் மழைக்கு அம்புக்குறி, மறுபக்கம் வெயிலுக்கு அம்புக்குறி, நடுவில் மீசை வைத்த மச்சான். மச்சான் மழையில் போனால் என்ன, வெயிலில் போனால் என்ன, இரண்டும் இல்லாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பெயின்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தார். போர்வையை வாய்க்குள் திணித்துக்கொண்டும் பார்த்தார். "மச்சானுக்குக் குடை தேவையான்னு கதையில எங்கயும் சொல்லல. அது வேற விஷயம்" என்று பெரிய டாக்டர் விரலை உயர்த்தியபோது பெயின்டரால் அடக்க முடியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு கட்டிலைக் குலுக்கியது. மாவுக்கட்டு வெடித்தது.

இளம் டாக்டர்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பொய்யாகச் சிரித்தால் பல் விழும் என்பது அந்த மருத்துவமனையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பயத்துக்காக ஒரு சிரிப்புச் சிரித்தால் ஒரு பல் ஆடும். சிரித்துக்கொண்டே போனால் விழுந்துவிடும். வலி இருக்காது, ரத்தமும் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் முத்துப்பல் தெரியப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைகள், கொஞ்ச காலத்திலேயே பொக்கை வாயும் பல்செட்டுமாக, பேசும்போது காற்று வெளியேறக் கட்டில் கட்டிலாக அலைந்தார்கள். இவர்களில் மூத்தவர் துணைத் தலைமை டாக்டர். ஜால்ரா போடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்பதால் ஆமாஞ்சாமி என்று பெயர். கதை சொல்ல ஆரம்பிக்கும் முன்பே சிரித்துவிடுகிற ஆள். அவர் வாயில் கடைவாய்ப் பல் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதையும் சேவைக்கு அர்ப்பணிக்கத் தயாராக இருந்தார்.

பெயின்டருக்குப் பிறகு சிறுநீரகத்தில் கல் உள்ள ஒரு வாத்தியார் விளக்கத்தைக் கேட்டுச் சிரித்து, கல் தரையில் உருண்டு ஓடியது. வயிற்றுப்புண்காரர் ஒருவர் அம்புக்குறி கட்டத்திலேயே குணமானார். அறுவை சிகிச்சை முடிந்து கிடந்த பெண் ஒருத்தி சிரித்தபோது, தையல்கள் சட்டைப் பித்தான் மாதிரி பட்பட்டென்று தெறித்து விழுந்தன. அடியில் தழும்புகூட இல்லை. பெரிய டாக்டர் இதையெல்லாம் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தார். தன் நகைச்சுவைக்கு நோய் தீர்க்கும் சக்தி இருக்கிறது. புத்தி உள்ள எவருக்கும் வேறு முடிவு தோன்றியிருக்கும். அவரோ கண்ணாடி பார்த்து மீசை ஒதுக்கும்போதுகூடத் தன்னைப் பார்க்காத மனிதர்.

ஆகவே நகைச்சுவை சிகிச்சைப் பிரிவு என்று ஒன்று தொடங்கப்பட்டது. அதன் கேவலத்தை முழுதாகச் சொல்ல இடம் போதாது. நர்சுகள் சிவப்பு ரப்பர் மூக்கு மாட்டிக்கொண்டு ஊசி போட வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் பல் தெரியப் புன்னகைக்க வேண்டும். பல் இல்லாதவர்கள் ஈறு தெரிய. இன்றைக்குச் சிரித்தீர்களா என்று சுவர்தோறும் எழுதி, பக்கத்தில் ஒரு மஞ்சள் முகத்தை வரைந்து வைத்தார்கள். அந்த முகத்தைப் பார்த்தாலே நல்ல உடம்புக்காரனுக்கும் குமட்டும். வெளியிலிருந்து வேடிக்கைக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். அவர்கள் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். நோயாளிகள் நன்றாகச் சிரித்தார்கள், அன்றைக்கு நன்றாகத் தூங்கினார்கள், கொஞ்சம் சாப்பிட்டார்கள். அது சின்ன காரியம் இல்லை. ஆனால் எலும்பு கூடவில்லை, கல் கரையவில்லை. விளக்கம் போதவில்லை என்று பெரிய டாக்டர் அவர்களை அனுப்பிவிட்டார். சிரிக்காத நோயாளிகளின் கட்டிலில் 'ஒத்துழைக்காதவர்' என்று சிவப்பு அட்டை தொங்கவிடும் வழக்கம் வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஆமாஞ்சாமி. வலி தாங்காமல் முகம் சுளித்தவர்கள், பயந்து கிடந்தவர்கள், சாகப்போகிறோம் என்று தெரிந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்கள், எல்லோருக்கும் அட்டை கிடைத்தது. குழந்தையைப் பறிகொடுத்துவிட்டுக் கிடந்த ஒரு பெண்ணிடம் ஒரு இளம் டாக்டர் ரப்பர் மூக்கோடு போய், கொஞ்சம் சிரிக்க முயற்சி செய்யுங்களேன் என்றார். அவள் மூக்கைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். அந்தப் பிரிவின் காலத்தில் அந்தக் கட்டடத்துக்குள் நடந்த ஒரே மரியாதையான காரியம் அது.

வெளியூர் மருத்துவமனைகளிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கற்றுக்கொள்ள வந்தார்கள். குடைக்கதையை எழுதிக்கொண்டு போய், அவரவர் ஊரில் நல்ல குரல் உள்ளவர்களை வைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு இருமல்கூட நிற்கவில்லை. அந்த மருத்துவமனை இருக்கும் ஊர்த் தண்ணீர்தான் காரணம் என்று ஒரு குழு எழுதியது. அதைப் படித்த இன்னொரு குழு தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனது.

இப்படி ஊரெல்லாம் பேர் பரவியிருந்த நாளில்தான் பெரிய டாக்டரின் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. இரைப்பைக்குப் பின்னால், பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக் கொடிபோல் படர்ந்திருந்தது. கத்தி வைக்க முடியாது என்று பார்த்த நிபுணர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. மருந்துக்கும் கட்டுப்படாது. ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கி, "உங்க கையிலதான் சார் இருக்கு" என்றார். பெரிய டாக்டர் தலையசைத்தார். அவருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்குப் போய், கவலைப்படாதே, நாளைக்குக் காலையில் சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் அவரைப் பார்த்த பார்வையை வேறு யாராவது பார்த்திருந்தால் இரண்டு நாள் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அவர் விளக்கை அணைத்துவிட்டுக் குறட்டை விட்டார்.

அந்த அம்மாள் அவரைப் பார்த்து ஒரே ஒரு முறை சிரித்திருக்கிறாள். பெண் பார்க்க வந்த அன்று, அவர் உட்கார்ந்த நாற்காலி கிறீச்சிட்டது. மரம் ஏன் சுருங்குகிறது, ஆணி ஏன் சுருங்குவதில்லை, இரண்டுக்கும் நடுவில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அவர் அவளுடைய அப்பாவுக்கு விளக்கத் தொடங்கினார். அவள் அப்பாவோ அந்த வீட்டிலேயே தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். கதவுக்குப் பின்னால் நின்றிருந்தவள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். அன்று காலையிலிருந்து அவளுக்கு இருந்த பல்வலி நின்றுபோனது. இது நல்ல சகுனம் என்று அவள் நினைத்தாள்; தன் நகைச்சுவையில் மயங்கிவிட்டாள் என்று அவர் நினைத்தார். கல்யாணம் நடந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் சிரிப்பாக இருக்கிற பொருளை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு அப்போது தெரியவில்லை. அவர் உப்பை விளக்கினார், தலையணையை விளக்கினார், அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவளுக்கே அதை விளக்கினார். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் எப்படிப் பரவுகிறது என்று விளக்கினார். அன்றைக்குப் பிறகு அவளுக்கு அவரைப் பார்த்தால் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. ஒரு மேசையைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

மறுநாள் அவளைப் பெண்கள் வார்டில் கதவோரக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். பெரிய டாக்டர் பரிவாரத்தோடு வந்து கால்மாட்டில் நின்றார். கதை சொன்னார். ஸ்டெதாஸ்கோப்பை இழுத்தார். பின்னால் ஒரு பல் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு விளக்கினார், முதலிலிருந்து முடிவுவரை, மச்சானின் மீசை உட்பட. பக்கத்துக் கட்டிலில் மஞ்சள் காமாலையோடு கிடந்த பெண் புரண்டு புரண்டு சிரித்துக் கண் வெளுத்து எழுந்து உட்கார்ந்தாள். மனைவி கூரையில் சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள்.

அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் அவர் புதுக்கதைகளைச் சேகரித்துக்கொண்டு வந்தார். ரப்பர் மூக்கைத் தானே மாட்டிக்கொண்டும் வந்தார். வேடிக்கைக்காரர்களைத் திரும்ப அழைத்தார். அந்த அம்மாள் அவர்களைப் பார்த்து மரியாதைக்குப் புன்னகைத்து, வெயிலில் வந்திருக்கிறார்கள், தண்ணீர் கொடுங்கள் என்றாள். கட்டி வளர்ந்துகொண்டே போனது. அவள் கை குச்சியாக இளைத்தது. ஒரு நாள் காலை பெரிய டாக்டர் வார்டுக்குள் நுழைந்தபோது அவள் கட்டிலில் சிவப்பு அட்டை தொங்கியது. யார் மாட்டியது என்று கேட்டார். விதிமுறை சார் என்றார் ஆமாஞ்சாமி, கடைவாய்ப் பல் தெரிய. பெரிய டாக்டர் அதைக் கழற்றப் போனார்.

"இருக்கட்டும். அதுல எழுதியிருக்கறது சரிதான்" என்றாள் மனைவி. பரிவாரத்தைக் கொஞ்சம் வெளியே போகச் சொன்னாள். போனார்கள், கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணு கேக்கறேன். இவங்கள்லாம் அந்தக் கதைக்குத்தான் சிரிக்கறாங்கன்னு நிஜமாவே நினைக்கறீங்களா?"

"பின்ன?"

"உங்களப் பாத்து சிரிக்கறாங்க. அந்தக் கதையில என்ன இருக்கு? நீங்க அத விளக்கறீங்க பாருங்க, அந்த முகம், அந்த விரலு. அதப் பாத்து சிரிக்கறாங்க. ஊரே சிரிக்குது. உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

"நீ உடம்பு சரியில்லாம பேசற."

"எனக்கும் சிரிக்கணும்னு ஆசைதாங்க. சாகறதுக்கு எனக்கென்ன வேண்டுதலா? வரலையே, நான் என்ன பண்ண? உங்களோட இருந்து இருந்து அது செத்துப் போச்சு."

பெரிய டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். நேரே பெயின்டரைத் தேடிக்கொண்டு போனார். பெயின்டர் குணமான பிறகு அந்த மருத்துவமனைக்கே வெள்ளையடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தார். வராந்தாவில் மஞ்சள் முகம் ஒன்றுக்குக் கன்னம் தீட்டிக்கொண்டிருந்தவரை ஏணியிலிருந்து இறங்கச் சொல்லி, அன்றைக்கு எதற்குச் சிரித்தீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள் என்றார். பெயின்டர் நல்ல மனிதர். தூரிகையைத் துடைத்தார், துணியை மடித்தார், மறுபடி தூரிகையைத் துடைத்தார்.

"கோவிச்சுக்கக் கூடாது. அந்தக் கதை என்னன்னு எனக்கு இப்ப ஞாபகம்கூட இல்லீங்க. குடையா, செருப்பா?"

"குடை."

"நீங்க மச்சானுக்கு மீசை வரைஞ்சீங்க டாக்டரய்யா. வரைஞ்சுட்டு, கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாத்து, திருத்தினீங்க. கால் போச்சேன்னு நான் அழுதுக்கிட்டு கெடக்கேன். இவ்வளவு படிச்ச மனுஷன் வேல மெனக்கெட்டு நின்னு மீசையத் திருத்தறாரேன்னு..." பெயின்டருக்கு அந்த நினைப்பிலேயே வாய் கோணிக்கொண்டு வந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டார். முந்தின நாள் நசுங்கிய அவர் கட்டைவிரல் நகம் அந்தக் குலுக்கலில் சரியானது.

அன்றிலிருந்து வைத்தியம் நின்றது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். கட்டிலுக்குக் கட்டில் நின்றார். வாயைத் திறந்தால் தன் விரல் மேலே எழும்புவது அவருக்கே தெரிந்தது. விரலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். கதையின் பாதியில் யார் முகமாவது இளகுகிறதா என்று பார்த்து, இளகினால் நிறுத்திவிட்டார். ஆண்டாண்டாகத் தன்னைப் பார்க்காதவர் இப்போது வேறு எதையும் பார்க்கவில்லை. அசடு வழிய நிற்கும் ஒரு வயசாளியைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும்? பாவம் என்றார்கள். பாவத்துக்கு ஒரு கொப்புளம்கூட ஆறாது. வார்டுகள் நிரம்பி வழிந்தன, கட்டிலுக்கு அடியிலும் பாய் போட்டார்கள். அவருடைய அகந்தையால் பிழைத்தவர்கள் இருந்தார்கள். அவருடைய வெட்கத்தால் ஒருத்தரும் பிழைக்கவில்லை. இதை மனிதர்களின் பெருமை என்று எடுத்துக்கொள்வதா சிறுமை என்று எடுத்துக்கொள்வதா என்று யாரும் யோசிக்கவில்லை. அவரவர் வலி அவரவருக்கு.

மனைவிக்குத் தண்ணீர் இறங்குவதும் நின்றது. பெரிய டாக்டர் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தே கிடந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. முதலில், பெரிய டாக்டரின் பெண்டாட்டியே பிழைக்கவில்லை என்று ஊர் பேசுமே என்றுதான் பயந்தார்; அவர் அப்படிப்பட்ட ஆள்தான், அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பிறகு அந்தப் பயம் எங்கோ ஒதுங்கிப் போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது. அவள் போய்விட்டால் வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இருக்காது. இத்தனை காலம் அவர் பேசியதையெல்லாம் ஒருத்தி கேட்டிருக்கிறாள். மேசையாக நினைத்துக்கொண்டாவது கேட்டிருக்கிறாள். இது அவருக்கு அந்த பெஞ்சில்தான் உறைத்தது. உறைத்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆமாஞ்சாமி ஓடிவந்து கூடவே அழுதார். பொய் அழுகைக்கு எதுவும் விழுவதில்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் கோட்டை மாட்டிக்கொண்டு, பரிவாரத்தைக் கூட்டிக்கொண்டு, மனைவியின் கட்டிலுக்கு வந்தார். கதை சொல்ல வரவில்லை என்று முதலிலேயே அறிவித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தார். ஆனால் அவருக்கு எதையும் நேராகக் கேட்கத் தெரியாது.

"நீ சொன்னத நான் யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னது சரி. ஆனா அது ஏன் சரிங்கறத கொஞ்சம் தெளிவுபடுத்தணும்" என்றார்.

மனைவி கண்ணைத் திறந்தாள்.

"இங்க ரெண்டு நிலை இருக்கு. நான் சொன்னது கதை. அவங்க சிரிச்சது என்னைய. நான் கதையும் கிடையாது, விளக்கமும் கிடையாது. நான் ஒரு ஆள்."

சட்டைப்பைக்குள் இருந்த விரல் அவருக்குத் தெரியாமலே வெளியே வந்தது. கட்டிலில் தொங்கிய சிவப்பு அட்டையைக் கழற்றி, திருப்பி, பேனாவை எடுத்தார். ஒரு கட்டில் வரைந்தார். அதில் ஒரு நோயாளி. கால்மாட்டில் தன்னை வரைந்தார். நோயாளியிடமிருந்து கதைக்கு ஒரு அம்புக்குறி போட்டு, அது தவறு என்று அடித்துவிட்டு, நோயாளியிடமிருந்து தனக்கு ஒரு அம்புக்குறி போட்டார். ஒரு மனிதன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்வது, அப்படி அவன் இல்லாமல் இருப்பது, இது அவனுக்குத் தெரியாமல் இருப்பது, ஆக மூன்று காரணங்களால் அவன் சிரிப்புக்கு இடமாகிறான் என்று எடுத்துச் சொன்னார். மூன்றில் ஒன்று குறைந்தாலும் சிரிப்பு வராது என்றார். இப்போது தனக்குத் தெரிந்துவிட்டதால் மூன்றாவது காரணம் காலாவதியாகிவிட்டது, ஆகவே இனிமேல் தன்னைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வர வாய்ப்பே இல்லை, இது வருத்தத்துக்குரியது என்று மிகவும் கவலையாகச் சொன்னார். சொல்லிவிட்டு அட்டையில் தன் படத்தைப் பார்த்தார். கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தார். மீசை சரியாக வரவில்லை. திருத்தினார்.

"சுருக்கமா சொல்லணும்னா, அந்தக் கதையில வர்ற மச்சான் நான்தான்" என்று முடித்தார்.

முதலில் போர்வை அசைந்தது. அந்த அம்மாள் இருமுகிறாள் என்று நினைத்து ஒரு நர்ஸ் ஸ்டீல் டிரேயோடு ஓடினாள். இருமல் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று பட்டறைக்காரரின் மகள் அன்றைக்குச் சிரித்த அதே சிரிப்பு, எங்கே கிடந்ததோ, கீச்சென்று ஆரம்பித்து, மூச்சு முட்டி, தலையணையை அறைந்துகொண்டு வந்தது. "மீசை" என்றாள். "ஐயோ, மறுபடியும் மீசை" என்றாள். அவர் குழம்பிப்போய், மீசையில் என்ன தப்பு என்று அட்டையைத் திருப்பிக் காட்டினார். அவ்வளவுதான். அவள் எழுந்து உட்கார்ந்து டிரேயைப் பிடுங்கி அதில் துப்பினாள். சாம்பல் நிறத்தில், எலுமிச்சம்பழ அளவில், வேரும் கொடியுமாக ஒன்று டங்கென்று விழுந்தது. பரிசோதனைக் கூடத்தில் இன்னும் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறார்கள், கேட்டால் காட்டுவார்கள்.

அவள் சிரித்ததைப் பார்த்து வார்டு முழுதும் சிரித்தது. இளம் டாக்டர்களும் சிரித்தார்கள். ஸ்டெதாஸ்கோப்பை யாரும் இழுக்கவில்லை. அவர்கள் வாயிலிருந்து பல்செட்டுகள் கழன்று தரையில் கடகடவென்று விழுந்தன. ஈறுகளைப் பிளந்துகொண்டு புதுப்பல் முளைத்து வந்தது, வரிசையாக, வெள்ளையாக. ஆமாஞ்சாமி மட்டும் சிரிக்கவில்லை. இந்தச் சிரிப்புக்கு அனுமதி உண்டா இல்லையா என்று பெரிய டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிரிப்புச் சிரித்து வைத்தார். கடைவாய்ப் பல் விழுந்தது. கூட்டுகிற பெண் பல்செட்டுகளோடு சேர்த்து அதையும் அள்ளிப் போட்டாள்.

பெரிய டாக்டர் திருந்தினார் என்று யாராவது எழுதினால் நம்ப வேண்டாம். மனைவி வீட்டுக்குப் போன மறுநாளே, கட்டி வெளியேறியதற்குத் தன் வரைபடம்தான் காரணம் என்று ஒரு கூட்டத்தில் அரை நாள் பேசினார். கூட்டத்துக்கு வந்தவர்களில் ஏழெட்டுப் பேருக்கு முதுகுவலி போனது. ஆனால் ரப்பர் மூக்குகளைக் குப்பையில் போடச் சொன்னார், சிவப்பு அட்டைகளைக் கொளுத்தச் சொன்னார், சுவரில் இருந்த மஞ்சள் முகங்களின் மேல் பெயின்டர் வெள்ளையடித்தார். சிரிக்க மனமில்லாதவர்களை யாரும் தொந்தரவு செய்யவில்லை; அவர்களுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தினமும் காலையில் பெரிய டாக்டர் வார்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். உள்ளே இருப்பவர்கள் தன்னை எப்படிப் பார்ப்பார்கள் என்று அந்த நேரத்தில் அவருக்கு நன்றாகத் தெரியும், முகம் கறுத்துவிடும். பிறகு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போவார். முதல் கட்டிலை எட்டி, விளக்க ஆரம்பித்ததும் எல்லாம் மறந்துபோகும். அந்த மறதி ஒன்றுதான் அவருக்கு இருந்த திறமை. அதை வைத்துக்கொண்டு ஓய்வு பெறுகிறவரை எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தார். அவர்களில் ஒருத்தரும் அவரை மதித்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த அம்மாளுக்கு அவர் மேல் புதிதாக மரியாதை எதுவும் வந்துவிடவில்லை. மகள் போன அன்றைக்கு அவர் பேசியதை அவள் மறக்கவும் இல்லை. ஆனால் மாலையில் எப்போதாவது மண்டையிடி வந்தால், தைலம் தேடாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்துகொள்வாள்.

"ஏங்க, அந்தக் கதவு ஏன் இப்படிச் சத்தம் போடுது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். "நல்ல கேள்வி. இங்க ரெண்டு நிலை இருக்கு" என்பார். விரல் எழும்பும். விளக்கம் ஆணிக்கு வருவதற்குள் அவளுக்குத் தலைவலி போயிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, விளக்கைப் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்விடுவாள். அவர் கதவைப் பார்த்து மிச்சத்தையும் விளக்கிக்கொண்டிருப்பார்.